சேர்விஸ் செய்த வேன் ஸ்டார்ட் ஆகவில்லை: பம்பைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

சேர்விஸுக்குக் கொண்டு போகும் வரை முதல் சாவிக்கே ஸ்டார்ட் ஆன டீசல் வேன், சேர்விஸ் முடித்து வீட்டுக்குக் கொண்டு வந்த மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. எமது வியாபாரிகளில் அநேகருக்கு இது ஒரு தடவையாவது நடந்திருக்கும். சந்தைக்குச் சாமான் ஏற்றியாகிவிட்டது, சாரதியும் வந்துவிட்டார், ஸ்டார்ட்டரும் நன்றாகவே சுற்றுகிறது. ஆனால் எஞ்சின் பிடிப்பதாக இல்லை. சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது அந்த நேரத்தில் "நானா, பம்ப் போயிட்டுது போல" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு பேச்சினால் நம்மவர்கள் இழக்கும் பணத்தைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன்.

இது வாகனப் பிரியர்களின் விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பிறகும் வரியோடு விலையைக் கேட்டால் சிறு வியாபாரிக்குத் தலை சுற்றுகிறது. ஆகவே டொல்பின் வேனும், பழைய சிறு லொறியும் இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடிய பிறகும் இன்னும் நம் சாமானைச் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன. கடையில் இருக்கும் சரக்கைப் போல அதுவும் நமது முதல். அது நின்றால் வியாபாரமும் நிற்கிறது.

எனது அபிப்பிராயம் இதுதான். சேர்விஸுக்குப் பின் ஸ்டார்ட் ஆகாத வாகனத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, சேர்விஸில் கைபட்ட இடங்களைத்தான். வருடக் கணக்காக வேலை செய்த பம்பும் இன்ஜெக்டரும் சரியாக அந்த ஓர் இரவில் பழுதாவது மிக அபூர்வம். பில்டரைக் கழற்றியது நேற்று, பழுது வந்தது இன்று. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். வாகனச் சொந்தக்காரர் அல்ல.

டீசல் எஞ்சினுக்குப் பெற்றோல் எஞ்சினைப் போல நெருப்புப் பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் போகும் காற்றை இருபதில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்குகிறது. அந்த நெருக்கத்திலேயே காற்று 500 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் தானாகவே பற்றிக்கொள்கிறது. எனவே தேவையானவை மூன்று: எஞ்சின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று வர வேண்டும், டீசல் அழுத்தத்தோடு வர வேண்டும். சேர்விஸில் பெரும்பாலும் கெடுவது மூன்றாவதுதான்.

செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஒருவர் சாவியைப் போட்டுச் சுற்றட்டும், மற்றவர் பின்னால் போய் சைலன்சர் வாயைப் பார்க்கட்டும். புகை சிறிதும் வராவிட்டால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை என்று அர்த்தம். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. இந்த ஒன்றைப் பார்த்தாலே பாதி வழி வந்துவிட்டோம். இதைப் பாராமல் ஸ்பெனர் எடுக்கும் பாஸிடம் வாகனத்தைக் கொடுக்க வேண்டாம் என்பேன்.

புகை வராவிட்டால், பத்தில் எட்டுத் தடவை என்று என் அனுபவத்தில் சொல்வேன், டீசல் வழியில் எயார் பிடித்திருக்கிறது. டீசல் பில்டரை மாற்றும்போது உள்ளே காற்று புகுந்தே தீரும். டீசலை நெருக்க முடியாது, காற்றை நெருக்கலாம். பம்ப் எவ்வளவு அழுத்தினாலும் இடையில் இருக்கும் காற்றுக் குமிழி சுருங்கி விரிகிறதே தவிர, இன்ஜெக்டர் திறப்பதில்லை. பழைய டொல்பினில் பில்டரின் தலையிலேயே ஒரு சிறிய கைப்பம்ப் இருக்கிறது. அதைக் கை இறுகும் வரை அழுத்தி எயார் எடுக்க வேண்டும். சில பையன்கள் நாலு தடவை அழுத்திவிட்டுச் சாவியைப் போடுகிறார்கள். எஞ்சினும் எப்படியோ பிடித்துவிடுகிறது. அவ்வளவில் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு நுட்பம். தாங்கியிலிருந்து பம்ப் வரைக்குமான வழியில் டீசல் உறிஞ்சப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. அந்த வழியில் ஓட்டை இருந்தால் வெளியே டீசல் சொட்டாது, உள்ளே காற்றுப் போகும். நிலத்தில் ஒரு துளி எண்ணெய் இல்லையே என்று நாம் திருப்தியடைகிறோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படியோ சமாளித்து விடுகிறது. இரவில் நிறுத்திய பிறகு அந்த ஓட்டையால் காற்று புகுந்து, பைப்பில் நின்ற டீசல் மெல்ல மெல்லத் தாங்கிக்கே திரும்பிவிடுகிறது. கராஜில் ஸ்டார்ட் ஆன வேன் விடிந்ததும் படுத்துக்கொள்வதன் இரகசியம் இதுதான்.

கண்டி மாவட்டத்தில் ஒரு துணி வியாபாரி இருக்கிறார். வாரச் சந்தைகளுக்குப் போய் வருபவர். அவருடைய 3எல் எஞ்சின் டொல்பின், சேர்விஸ் செய்த மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்டரி சாகும் வரை சுற்றினார்கள். பக்கத்து லொறியிலிருந்து வயர் கொடுத்து மீண்டும் சுற்றினார்கள். சேர்விஸ் செய்தவரிடம் கோபித்துக்கொண்டு வேறொரு கராஜுக்குக் கட்டி இழுத்தார்கள். அங்கே பம்ப் என்றார்கள். பம்பைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பி, உள்ளே சாமான் மாற்றி, திரும்பப் பூட்ட ஒரு வாரம் போயிற்று. ஓர் இலட்சத்தைத் தாண்டிய பில். இரண்டு சந்தை தவறியது வேறு. வேன் ஸ்டார்ட் ஆனது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மறுநாள் காலை பழைய கதைதான்.

கடைசியில் ஒரு வயதான பாஸ் வந்து, பில்டருக்கும் பம்புக்கும் இடையில் இருந்த ரப்பர் பைப்பைக் கழற்றி, உள்ளே பார்க்கக்கூடிய தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் போட்டார். சுற்றியதும் குமிழி குமிழியாக வந்தது. பில்டரைக் கழற்றினார். பழைய பில்டரின் ரப்பர் ரிங் மேல் தலையில் ஒட்டிக்கொண்டே இருந்தது. அதன் மேல் புதிய பில்டரின் ரிங். இரண்டு ரிங் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தால் ஒருநாளும் சரியாக இறுகாது. பழைய ரிங்கைச் சுரண்டி எடுத்து, புதியதில் டீசல் தடவிக் கையால் இறுக்கினார். முழு வேலைக்கும் அரை மணி நேரம் போகவில்லை.

இதே குறை, பில்டருக்குக் கீழே பூட்டும் தண்ணீர் சென்சரின் ரிங்கிலும் வரும். பைப் முனையில் பழைய செப்பு வொஷரைத் திரும்பப் போட்டாலும் வரும். சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு வழி: ஒரு போத்தலில் சுத்தமான டீசலை எஞ்சினுக்கு மேலான உயரத்தில் கட்டி, ஒரு குழாயால் நேராகப் பம்பின் வாய்க்குக் கொடுங்கள். அதில் ஸ்டார்ட் ஆகி நின்று ஓடினால் பம்ப் நல்லது. குறை அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. பம்பைக் கழற்றச் சொல்பவரிடம் இந்தப் போத்தல் சோதனையைச் செய்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

எயார் இல்லாமலும் புகை வராதிருக்க இன்னொரு காரணம், பழைய பம்பின் தலையில் இருக்கும் ஒற்றை வயர். சாவியைத் திறந்தவுடன் அந்த வயரில் 12 வோல்ட் வந்து ஒரு வால்வைத் திறக்கிறது. வயர் கழன்றால் வால்வு மூடியே இருக்கும், டீசல் போகாது. பில்டர் மாற்றும் கை இந்த வயரில் பட்டுக் கழன்றுபோவது சர்வ சாதாரணம். சாவியைத் திறக்கும்போது பம்பின் பக்கம் "டிக்" என்ற சிறு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் வயரையும் பியூஸையும் பாருங்கள்.

நம் நாட்டு சேர்விஸ் நிலையங்களில் எஞ்சினையே பிரஷர் தண்ணீரால் கழுவிக் கொடுக்கிறார்கள். பளபளவென்று இருப்பதைப் பார்த்து நாமும் மகிழ்கிறோம். வயர் இணைப்புகளுக்குள் அந்தத் தண்ணீர் போவதை யாரும் நினைப்பதில்லை. எஞ்சினைக் கழுவிய பிறகு ஸ்டார்ட் ஆகாவிட்டால் இணைப்புகளைக் கழற்றிக் காற்றடித்து உலர்த்திப் பார்க்க வேண்டும். எயார் பில்டர் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். புதிய பில்டரின் பொலித்தீன் உறையோடு பூட்டிய கதைகளும் உண்டு. ஸ்டார்ட்டர் மெதுவாக முனகினால் பெட்டரி முனையை இறுக்கினார்களா என்று பாருங்கள். சுற்றும்போது பெட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பெட்டரி பலவீனம், அல்லது இணைப்பு சரியில்லை.

வெள்ளைப் புகை வந்தால் விடயம் வேறு. ஹீட்டர் பிளக், அதன் ரிலே ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சேர்விஸோடு டைமிங் பெல்ட்டையும் மாற்றியிருந்தால், அடையாளங்கள் ஒரு பல் தவறியிருக்கிறதா என்று பெல்ட் மாற்றியவரையே அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை சாவியைத் தொடவே வேண்டாம்.

பழுதை விட, பழுதுக்குப் பின் நாம் செய்யும் அவசரம்தான் அதிக நட்டத்தைத் தருகிறது. ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்றக்கூடாது. பின்னர் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும். பம்புக்குள் டீசலே ஒயிலின் வேலையையும் செய்கிறது. காற்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சுற்றினால் நல்ல பம்பும் தேயும். "பம்ப் போயிட்டுது" என்று சொன்ன வாய் பலிக்க வழி செய்து கொடுப்பது நாம்தான். மூக்கில் ஸ்டார்ட் ஸ்பிரே அடிப்பது அதைவிட ஆபத்து. ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும் எஞ்சினில் அது நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனையே உடைக்கும்.

இதுவரை சொன்னவை பழைய எஞ்சின்களுக்கு. கேடிஎச் போன்ற கொமன் ரெயில் வாகனங்களில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தி எயார் எடுக்கும் பழைய பழக்கத்தைச் செய்யவே கூடாது. கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம். இந்தப் பைப்புகளில் 1,000 பாருக்கு மேல் போகும், தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். அங்கே ஸ்கேன் கருவியைப் போட்டு, சுற்றும்போது ரெயில் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் மீண்டும் பில்டர், எயார், டீசல் வழிதான். ஏறியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் சென்சர் இணைப்பு, சாவியின் இம்மொபிலைசர் என்று தேட வேண்டும்.

இனி நம்மவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பாஸ் ஒரு மணி நேரம் பொறுமையாகச் சோதித்து, கழன்ற வயரை மாட்டிவிட்டு மூவாயிரம் ரூபாய் கேட்டால், "வயர் ஒண்ட மாட்டினதுக்கு மூவாயிரமா?" என்று பேரம் பேசுகிறோம். அதே ஆள் பம்பைக் கழற்றி இலட்சம் கேட்டால், பழைய பம்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கொடுக்கிறோம். பிறகு கராஜ்காரர் எதைச் செய்ய விரும்புவார்? வியாபாரிகளான எமக்கே இந்தக் கணக்கு விளங்க வேண்டும். சாமானில்தான் இலாபம் என்று நாம் பழக்கிவிட்டால், அவர் சாமானைத்தான் விற்பார். பழுதைத் தேடுவதற்கான கூலியை முதலிலேயே தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். ஒன்றையும் மாற்றாமல் சரிப்பட்டாலும் அந்தக் கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

கராஜ் நடத்தும் சகோதரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேர்விஸ் செய்த வாகனம் மறுநாள் நின்றால், வாடிக்கையாளர் கேட்கும் முன் ஆளை அனுப்புங்கள். "இங்கிருந்து ஓடித்தானே போனது" என்பது பதில் ஆகாது. ஏன் ஆகாது என்பதை மேலே எழுதியிருக்கிறேன். வாடிக்கையாளரும் கோபத்தில் உடனே வேறு கராஜுக்கு இழுத்துக்கொண்டு போகக் கூடாது. இரண்டாவது கை பட்டதும் யாருடைய குறை என்று நிரூபிக்க முடியாமல் போகிறது.

அடுத்த தடவை சேர்விஸ் பில்லை வாங்கும்போது மொத்தத் தொகையை மட்டும் எழுதி வாங்க வேண்டாம். எந்தெந்த பில்டர் மாற்றப்பட்டது, எந்தப் பைப் கழற்றப்பட்டது, எஞ்சின் கழுவப்பட்டதா என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பில்டரையும் கேட்டு வாங்கி, அதன் ரப்பர் ரிங் அதிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது எங்கே என்று, வேனை வெளியே எடுப்பதற்கு முன் அங்கேயே நின்று கேளுங்கள்.