டீசலா, பெட்ரோலா? கிலோமீட்டரை எண்ணிவிட்டுப் பேசுவோம்



குவைத்திலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் என் மைத்துனர், சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு செய்தி சொன்னார். "மச்சான், கார் எடுக்கலாம்னு இருக்கேன். டீசல்தான். கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய் மிச்சம்." உடன் நின்ற மூவரும் ஒரே நேரத்தில் தலையசைத்தனர். டீசல் என்றால் மிச்சம் என்பது நம் ஊரில் விவாதத்திற்கு அப்பாற்பட்ட செய்தியாகிவிட்டது.

அவர் சொன்ன இரண்டு ரூபாய் பொய்யன்று. ஆனால் அந்த இரண்டு ரூபாயைப் பெற அவர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும், அதற்கு முன்னதாக எவ்வளவு கொடுத்து வைக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் ஒருகாலத்தில் அதைக் கேட்காமல் டீசல் கார் வாங்கியவன் என்பதால்தான் இதை எழுதுகின்றேன்.

இந்த நம்பிக்கை எப்போது பிறந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2010 ஜூன் மாதத்தில் பெட்ரோல் விலையின் மீதான கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது. டீசல் விலையை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது. அதன் விளைவாக 2012 மே மாதத்தில் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைக் கடந்தபோது டீசல் 41 ரூபாய்தான். 32 ரூபாய் வித்தியாசம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு அன்று கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 20 காசு செலவென்றால், 18 கிலோமீட்டர் தரும் டீசல் காருக்கு 2 ரூபாய் 30 காசுதான் ஆனது. பாதிக்கும் குறைவு. அந்த ஆண்டுகளில் டீசல் வாங்கியவர்களை யாரும் குறை சொல்ல இயலாது.

நான் 2013 ஏப்ரலில் வாங்கினேன். 2014 அக்டோபரில் டீசல் விலையின் மீதான கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. என் கணக்கின் அஸ்திவாரம் பதினெட்டே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. பின்னர் 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் மீதான வரியை மட்டும் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. டீசலுக்கு அந்தச் சலுகை இல்லை. வித்தியாசம் மேலும் சுருங்கியது. அண்மை ஆண்டுகளில் நம் பக்கத்தில் இரண்டுக்கும் இடையே எட்டு ரூபாய் அளவில்தான் இடைவெளி. விலை மாறிவிட்டது, பள்ளிவாசல் வாசலில் பேசப்படும் பேச்சு மட்டும் 2012இலேயே நிற்கின்றது.

இனி இன்றைய கணக்கிற்கு வருவோம். பெட்ரோல் 102 ரூபாய், டீசல் 94 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் சொல்லப்படும் மைலேஜை விட்டுவிடுங்கள். பாலக்கரை நெரிசலிலும், ஏ.சி. போட்டுக்கொண்டும், குடும்பத்தோடும் செல்லும்போது கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்கு 14, டீசலுக்கு 18. (இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கின்றது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. எனவே பெட்ரோலுக்கு 14க்கு மேல் வைக்க என் மனம் ஒப்பவில்லை.) பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 29 காசு, டீசலுக்கு 5 ரூபாய் 22 காசு. ஆக, மைத்துனர் சொன்ன அதே இரண்டு ரூபாய்.

இப்போது மறுபக்கம். ஒரே காரின் பெட்ரோல் வகைக்கும் டீசல் வகைக்கும் இடையே விலை வேறுபாடு ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் வரை இருக்கின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு, பெட்ரோலாயினும் டீசலாயினும், ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகச் சமமாகிவிட்டது உண்மைதான். ஆனால் டீசல் என்ஜினும் அதன் புகையைச் சுத்தப்படுத்தும் கருவிகளும் செய்வதற்கே செலவு அதிகம். அதை வரிக்குறைப்பு மாற்றிவிடாது. வேறுபாட்டை 1,20,000 ரூபாய் என்று கொள்வோம். இதன் மேல் ஆயுட்கால சாலை வரி. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, நம் மாநிலத்தில் ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான கார்களுக்கு 13 விழுக்காடு. கூடுதல் விலைக்குக் கூடுதல் வரி 15,600. மொத்தம் 1,35,600 ரூபாய்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு படி இருக்கின்றது. பத்து லட்சத்தைத் தாண்டினால் வரி 18 விழுக்காடு. அதுவும் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும். பெட்ரோல் வகை 9,40,000 ரூபாய் என்றால் வரி 1,22,200. அதே காரின் டீசல் வகை 10,60,000 ரூபாய் என்றால் வரி 1,90,800. வரியில் மட்டும் 68,600 ரூபாய் கூடுகின்றது! விலைப்பட்டியலைப் பார்க்கும்போது இந்தப் பத்து லட்சக் கோட்டை ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள்.

அந்தச் சோதனை இல்லாத சாதாரணக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நம் குடும்பங்களின் கார் மாதம் எவ்வளவு ஓடுகின்றது? பள்ளிவாசலுக்கு நடக்கின்றோம். கடைத்தெருவுக்கு இருசக்கர வாகனம். பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து. மங்கலம்பேட்டை உறவு வீடு, நெய்வேலியில் ஒரு மருத்துவர், சிதம்பரத்திலோ பரங்கிப்பேட்டையிலோ ஒரு நிக்காஹ், எப்போதாவது ஒரு ஜனாஸா, ஆண்டுக்கு இருமுறை உம்ராவுக்குச் செல்வோரையோ வளைகுடாவிலிருந்து வருவோரையோ முன்னிட்டுச் சென்னை விமான நிலையம். அந்தச் சென்னைக்கும் நம்மில் பாதிப்பேர் ரயிலில்தான் போகின்றோம். ஜங்ஷன் உள்ள ஊரில் இருப்பதன் பலன் அது. எல்லாம் கூட்டினாலும் மாதம் 600 கிலோமீட்டர். ஆண்டுக்கு 7,200. எரிபொருளில் மிச்சம் 14,400 ரூபாய். டீசல் வண்டியின் பராமரிப்பு, காப்பீடு ஆகியவற்றில் கூடுதலாக ஆகும் 3,000 ரூபாயைக் கழித்தால் 11,400. இந்த வேகத்தில் 1,35,600 ரூபாயை மீட்க ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். பன்னிரண்டு ஆண்டு ஒரே காரை வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர்?

டீசலே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சூளையை ஒருமுறை மூட்டினால் அதன் எரிபொருள் செலவு ஏறக்குறைய ஒன்றுதான்; உள்ளே நிறைய அடுக்கியிருந்தால் ஒவ்வொரு அகல் விளக்கின் மீதும் காசு கணக்கில் விழும்; பாதி அடுக்கில் எரித்தால் அதே செலவு இரட்டிப்பாக ஏறும். எனவே நிறையும்வரை அவர்கள் சூளையை மூட்டுவதில்லை. டீசல் காரின் கூடுதல் விலையும் அத்தகையதே. பொம்மைகளையும் விளக்குகளையும் வைக்கோல் சுற்றி ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் வியாபாரி, நாள்தோறும் ஓடும் வாடகைக்கார் ஓட்டுநர், இவர்கள் மாதம் 2,000 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுவார்கள். கூடுதல் பராமரிப்பைக் கழித்த பிறகும் மூன்றேகால் ஆண்டுகளில் அவர்களுக்குப் போட்ட பணம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிலோமீட்டரும் இலாபம். அவர்களுக்கு டீசல் சரி. நெய்வேலிக்கு நாள்தோறும் காரில் வேலைக்குச் சென்று வருபவர் நடுவில் நிற்கின்றார்: மாதம் 1,250 கிலோமீட்டர் என்றால் ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும். அவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தவறில்லை. ஆனால் வாடகைக்கார் ஓட்டுநரின் வாயிலிருந்து வந்த அறிவுரையை வாரம் ஒருமுறை வண்டியெடுக்கும் குடும்பத்தலைவர் அப்படியே வாங்கிக்கொள்வதுதான் எனக்கு விளங்கவில்லை.

குறைந்த ஓட்டத்தில் டீசலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின் வந்த டீசல் கார்களில் புகைத்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கின்றது. மெக்கானிக்குகள் அதை டி.பி.எஃப். என்பார்கள். சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கார் சற்று வேகமாக, விடாமல், கால்மணி நேரமாவது ஓட வேண்டும். வீட்டிலிருந்து கடைவீதி, கடைவீதியிலிருந்து வீடு என்று ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. எங்கள் ஜமாஅத்தில் ஒரு பெரியவர், காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தபோதெல்லாம் மெக்கானிக் சொன்னபடி உளுந்தூர்பேட்டை வரை சென்று திரும்பி வருகின்றார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. மிச்சம் பிடிப்பதற்காக வாங்கிய காரில் வீணாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல் எரிக்கின்றார். இதே விதிகள் வந்தபோது மாருதி சுஸுகி நிறுவனம் டீசல் கார்களையே நிறுத்திக்கொண்டது. சிறிய காரில் அந்தச் செலவைத் தூக்கிச் சுமப்பது கட்டுப்படியாகாது என்பதை வாங்குபவர்களுக்கு முன்பே செய்தவர்கள் புரிந்துகொண்டார்கள்.

என் கணக்கையும் வெளியே வைத்துவிடுகின்றேன். என் கார் பதினொரு ஆண்டுகளில் 74,000 கிலோமீட்டர் ஓடியது. எரிபொருளில் மிச்சமானது ஏறத்தாழ 1,25,000 ரூபாய். பெட்ரோல் வகையைவிட நான் கூடுதலாகக் கொடுத்தது 1,05,000. ஏழாம் ஆண்டில் இன்ஜெக்டர்களும், ஒன்பதாம் ஆண்டில் டர்போவும் சேர்த்து 58,000. ஆக, 38,000 ரூபாய் நஷ்டம் என்று நீங்கள் கணக்கிடுவீர்கள். இல்லை, இன்னும் ஒரு வரி இருக்கின்றது. கூடுதலாகக் கொடுத்த அந்தத் தொகையைக் கடனாகத்தான் வாங்கியிருந்தேன். அதற்கு மட்டும் 28,000 ரூபாய் வட்டி கட்டினேன். அல்லாஹ் மன்னிப்பானாக.

நம் சமுதாயத்தில் இந்தக் கணக்கை எழுப்பியே ஆக வேண்டிய இடம் அதுதான். வட்டி ஹராம் என்பதில் நம்மில் யாருக்கும் ஐயமில்லை. ஆயினும் கார் என்று வரும்போது "தேவைதானே" என்று ஒரு கதவைத் திறந்துகொள்கின்றோம். பிறகு அந்தத் திறந்த கதவு வழியாகவே, "எப்படியும் கடன்தானே, மாதத் தவணை கொஞ்சம்தானே கூடும், டீசலாகவே எடுத்துவிடலாம்" என்று இன்னொரு ஒன்றேகால் லட்சத்தையும் உள்ளே இழுத்துவிடுகின்றோம். முன்சொன்ன 1,35,600 ரூபாயை ஒன்பதரை விழுக்காட்டில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் வட்டி மட்டும் 35,000 ரூபாய் ஆகின்றது. மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்திற்கு அது மூன்றாண்டு டீசல் மிச்சத்திற்குச் சமம். மூன்றாண்டு சிக்கனமாக ஓட்டி, மிஞ்சியதை அப்படியே வட்டியாகக் கொண்டுபோய்க் கொடுக்கின்றோம். இதற்கு மிச்சம் என்று பெயர் வைத்திருக்கின்றோம்!

பெரிய குடும்பம், ஏழுபேர் அமரும் வண்டி வேண்டும் என்போர் கேட்கலாம். அத்தகைய வண்டிகளில் டீசலின் இழுவை மேலானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஏழுபேரும் ஏறும் நாள்கள் ஆண்டில் எத்தனை? இரண்டு பெருநாள், நான்கு வலீமா. அந்த நாள்களுக்கு ஒரு வாடகை வண்டி அமர்த்திக்கொண்டால், நம் ஊர் ஓட்டுநர் ஒருவருக்கு ஹலாலான வருமானமும் ஆகும். பழைய டீசல் கார் மலிவாகக் கிடைக்கின்றதே என்று சிலர் டெல்லிப் பக்கத்து வண்டிகளைத் தேடுகின்றனர். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு அங்கே 2015 முதல் தடை பேசப்பட்டதால்தான் அவை மலிவாக இறங்கி வருகின்றன. வாங்கும் விலை குறைவென்றாலும் என் இன்ஜெக்டர் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

மைத்துனரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஒரு பழைய டைரியை மட்டும் கொடுத்து, "மச்சான், ஒரு மாதம் உங்கள் வீட்டார் போகும் இடமெல்லாம் எழுதுங்கள்; பஸ், ஆட்டோ, பைக் எதுவானாலும் சரி, காரில் போயிருப்பீர்களா என்று ஒரு குறி போடுங்கள்" என்றேன். நேற்று இரவு இஷாவுக்குப் பின் அதைக் காட்டினார். இரண்டு வாரத்தில் 212 கிலோமீட்டர். அதில் 90 கிலோமீட்டர், என் தங்கை பிடிவாதமாகச் சேர்த்த சிதம்பரம் பயணம்.

டீசல் பேச்சை அவர் இப்போது எடுப்பதில்லை. அடுத்த விடுமுறைவரை தவணையாகக் கட்டவிருந்த தொகையைத் தனியே ஒதுக்கி வைத்தால், கடனே இல்லாமல் எந்த வண்டி கைக்கு எட்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கின்றார்.