சாவி யார் கையில்?

சங்கீத வகுப்பு நடத்திவரும் ஒரு சகோதரி எழுதுகிறார்: "சொந்தமாக ஓர் இணையதளம் வைக்கலாமென்று, சந்தா கட்டி இடம் பிடித்து, வேர்ட்பிரஸ்ஸையும் ஏற்றிவிட்டேன். நவராத்திரிக் கச்சேரிப் படங்களைச் சேர்க்கப் போனால், ‘ஃபோல்டரை உண்டாக்க முடியவில்லை, அதில் எழுத அனுமதி இருக்கிறதா?’ என்று என்னையே திருப்பிக் கேட்கிறது. வாடகை கொடுப்பவள் நான். என் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க எனக்கே அனுமதி கிடையாதா?"

கோபம் நியாயமானதுதான். ஆனால் சகோதரி பிடித்திருப்பது தனி வீடு அல்ல, ஒண்டுக் குடித்தனம்! ‘ஷேர்டு ஹோஸ்டிங்’ என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதற்கு அர்த்தம் இதுதான். ஒரே கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான இணையதளங்கள் குடியிருக்கும். வாடகை சல்லிசாக இருப்பதன் ரகசியமும் அதுவே. இத்தனை பேர் புழங்கும் இடத்தில் பூட்டும் சாவியும் இல்லாமல் முடியுமா?

அந்தப் பூட்டு யூனிக்ஸ் வழியாக வந்தது. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய வேலை அது. அதன் அடியொற்றி வந்த லினக்ஸ்தான் இன்று இத்தகைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் ஓடுகிறது. அதன் கணக்குப்படி ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று தரப்பினர் உண்டு: உடையவர், அவருடைய குழுவினர், மற்றவர்கள். படிக்க அனுமதி என்றால் 4, எழுத 2, நடத்திவைக்க 1. ஃபோல்டராயிருந்தால் அந்த 1 என்பது உள்ளே நுழையும் அனுமதி. கூட்டிப் பாருங்கள். 755 என்றால் உடையவருக்கு மூன்றும் உண்டு. ஏனையோர் நுழையலாம், படிக்கலாம், எழுதக் கூடாது. 644 என்றால் உடையவர் படித்து எழுதலாம். ஏனையோர் படிக்க மட்டுமே செய்யலாம். மளிகைக் கணக்கைவிடச் சுலபம் அல்லவா?

அப்படியானால் சகோதரியை ஏன் தடுத்தது? தடுத்தது அவரை அல்ல. அவர் ஏற்றிய ஃபைல்கள் அவர் பெயரில்தான் இருக்கின்றன. ஆனால் படத்தை வாங்கி உள்ளே வைக்கப் போனது வேர்ட்பிரஸ் என்ற வேலைக்காரர். சில கம்ப்யூட்டர்களில் இந்த வேலைக்காரர் குடித்தனக்காரரின் பெயரில் வேலை செய்வதில்லை. எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு பெயரில் செய்கிறார். அந்தப் பெயர் பல இடங்களில் ‘நோபடி’, அதாவது ‘யாருமில்லை’! பூட்டின் கணக்கில் அவர் ‘மற்றவர்’. 755 போட்ட ஃபோல்டரில் மற்றவர் எழுத முடியாதே!

இந்த இடத்தில்தான் யாராவது ஒரு புண்ணியவான் வந்து, "777 போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்பார். சரியாகத்தான் ஆகிவிடும், அதுதான் ஆபத்து! படம் ஏறியதும் விஷயம் மறந்துபோகும். ஆணி அடிக்க வாசற் கதவையே கழற்றி வைத்த கதைதான். குடித்தனங்களுக்கு நடுவே சரியான தடுப்பு இல்லாத கம்ப்யூட்டராயிருந்தால், பக்கத்துத் தளத்தின் ஓட்டை வழியே புகுந்த விஷமி உங்கள் ஃபோல்டரிலும் எழுதலாம். ஒரு நாள், வகுப்பு நேரம் பார்க்க வந்த பெற்றோரைச் சூதாட்ட விளம்பரம் வரவேற்கும். குழந்தையை நம்பி அனுப்புகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

சில இடங்களில் காவல் கெடுபிடியானது. எல்லாரும் எழுதலாம் என்று திறந்து கிடக்கும் ஃபோல்டரைக் கண்டால் புரோகிராமையே ஓட்டாமல், ‘500’ என்று பிழை காட்டி நின்றுவிடும்.

செய்ய வேண்டியது என்ன? முதலில் ஹோஸ்டிங் கம்பெனிக்கு ஒரு கேள்வி எழுதுங்கள்: "என் தளத்தில் பி.எச்.பி. யார் பெயரில் ஓடுகிறது?" உங்கள் பெயரில் என்றால் ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644 போதும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் ‘டபிள்யுபி-கான்ஃபிக்’ ஃபைலுக்கு மட்டும் 600 போட்டு, மற்றவர் கண்ணில் படாமல் வையுங்கள். பொதுப் பெயரில் ஓடுகிறது என்று பதில் வந்தால், உங்கள் பெயரில் ஓடும் ஏற்பாட்டுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். முடியாதென்றால் வேறு இடம் பார்ப்பது உத்தமம்.

எண்கள் சரியாயிருந்தும் தகராறு தீரவில்லையா? ஃபைல்களின் பட்டா வேறொருவர் பெயரில் இருக்கலாம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தளத்தை மாற்றும்போது இப்படி நேர்வதுண்டு. அதை மாற்றும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது. கம்பெனிக்காரர்தான் செய்ய வேண்டும்.

எண்களை மாற்ற, ‘ஃபைல்ஸில்லா’வில் வலது க்ளிக் செய்து ‘ஃபைல் பர்மிஷன்ஸ்’ என்பதைத் திறக்கலாம். உள்ளடங்கிய எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக மாற்றும்போது ஃபோல்டர்களுக்குத் தனியாக, ஃபைல்களுக்குத் தனியாகச் செய்யுங்கள். அவசரத்தில் ஃபோல்டருக்கும் 644 போட்டுவிட்டால் அந்த 1 போய்விடும். நுழைய வழியின்றித் தளம் முழுவதும் ‘403’ என்று நிற்கும்.

ஏற்கெனவே 777 போட்டுவிட்டவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள். ஆனால் பூட்டை மாற்றினால் உள்ளே புகுந்தவன் தானாக வெளியேறிவிட மாட்டான். ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரில் படங்களுக்கு நடுவே பெயர் தெரியாத பி.எச்.பி. ஃபைல் ஏதேனும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தளத்தின் பழைய நல்ல பிரதியிலிருந்து மீட்டுத் தரும்படி கம்பெனியைக் கேளுங்கள். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். அதன் பிறகு கச்சேரிப் படங்களை நிம்மதியாக ஏற்றலாம்.