மாத வரவும் மொத்த விலையும்

அமெரிக்க நாட்டில், பிறர் குற்றத்தால் உடல்நலம் குலைந்தோருக்கு இழப்பீட்டைத் தவணை முறையில் ஆண்டுக்கணக்கில் அளிக்கும் ஏற்பாடு உண்டு. உழைக்கும் வலிமை இழந்தோருக்கு அதுவே ஊதியம். 1982-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வருமான வரி விலக்கை உறுதி செய்தது. அந்த வரவையும் விலைபேச வணிகர் கூட்டம் ஒன்று காத்திருக்கிறது. விற்கலாமா?

கணக்கைப் பாருங்கள், வாசகர்களே! மாதம் 1,000 டாலர் வீதம் பத்தாண்டுகளுக்கு 1,20,000 டாலர். ஆண்டுக்கு 15 விழுக்காடு கழிவு வைத்தால் இன்று கைக்கு வருவது ஏறத்தாழ 62,000 டாலரே!

பால்டிமோர் நகரில் நடந்ததென்ன? பழைய வாடகை வீடுகளின் சுவர்ச் சாயத்திலிருந்த ஈயம் ஏழைக் குழந்தைகளின் மூளையைத் தாக்கியது. வளர்ந்தபின் அவர்களுட் பலர் தம் இழப்பீட்டை அடிமாட்டு விலைக்கு விற்றதை 2015-இல் வாஷிங்டன் போஸ்ட் ஏடு அம்பலப்படுத்தியது. நீதிமன்ற ஒப்புதல் இல்லையா? இருந்தது! ஒப்புதலின்றி வாங்கினால் கழிவுத் தொகையில் 40 விழுக்காடு வரி என்று 2002-லேயே கூட்டாட்சிச் சட்டம் விதித்திருந்தது. ஆராயாமல் இடும் ஒப்பம் அரணாகுமா? மேரிலாந்து மாநிலம் தன் சட்டத்தை இறுக்கியது 2016-இல்தான்.

விற்கவே கூடாதென்று நாம் கூறவில்லை. குடியிருக்கும் வீடு ஏலத்துக்கு வரும்போது, தேவைக்குரிய பகுதியை மட்டும் விற்பது குற்றமன்று. ஆனால், பலரிடம் விலை கேட்கட்டும். கழிவு விகிதத்தை எழுத்தில் பெறட்டும். வாங்குவோர் காட்டும் வழக்கறிஞரை விடுத்துத் தம் வழக்கறிஞரை நாடட்டும். நீதிமன்றமும் துருவிக் கேட்கட்டும். வறியோரின் அவசரம் வணிகரின் முதலாகலாகாது!