வட ஆற்காடு எங்கே போயிற்று?

டர்பனிலிருந்து மூதாதையரின் ஊரைத் தேடி வருகிறவர்கள் பலரின் கையில் ஒரே ஒரு தாள்தான் இருக்கும். அதில் ஓர் எண், ஒரு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு. ஜில்லாவுக்கு நேரே 'வட ஆற்காடு' என்று எழுதியிருந்தால் வேலூருக்குப் போகச் சொல்வார்கள். வேலூரிலோ அப்படி ஒரு கிராமமே இல்லை என்று கையை விரிப்பார்கள். தாளில் தவறு இருக்க வேண்டியதில்லை. தேடும் ஊர் சித்தூருக்கோ திருப்பதிக்கோ பக்கத்தில், இன்றைய ஆந்திரத்தில் இருக்கக்கூடும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையில் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு வகை விவசாயிகள் வந்து இறங்கினார்கள். 1849 முதல் 1851 வரை, ஜோசப் பைர்ன் என்பவரின் குடியேற்றத் திட்டத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் வந்தன. தலைக்கு இவ்வளவு ஏக்கர் நிலம் என்ற வாக்குறுதியோடு வந்தவர்கள் அவர்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை இறக்கியது. இவர்களுக்குக் கிடைத்தது நிலமல்ல, ஐந்தாண்டு ஒப்பந்தம். கரும்புத் தோட்டத்தில் வேலை; முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் சம்பளம். 1911இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை இப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். வட ஆற்காடு அவர்களை அதிகமாக அனுப்பிய ஜில்லாக்களில் ஒன்று. 1876-78 தாது வருஷப் பஞ்சம் புரட்டிப்போட்ட பகுதி அது.

ஒப்பந்தம் முடிந்ததும் பலர் திரும்பவில்லை. டர்பனைச் சுற்றிச் சிறு துண்டு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து, காய்கறியும் வாழையும் மக்காச்சோளமும் பயிரிட்டார்கள். டர்பன் சந்தைக்கு வரும் காய்கறி இவர்கள் கையால் விளைந்தது என்ற நிலை சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. கூலியாக வந்தவர் குடியானவராக நிலைப்பது வெள்ளையர் ஆட்சிக்குப் பிடிக்கவில்லை. 1895இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகு வருகிறவர்கள், ஒப்பந்தம் முடிந்தும் தங்க நினைத்தால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். காந்தியின் தலைமையில் 1913இல் நடந்த சத்தியாக்கிரகத்துக்குப் பிறகு, 1914இல்தான் அந்த வரி நீங்கியது.

இந்த இரு வகை விவசாயிகளின் வாரிசுகளும் இன்று வேர்களைத் தேடுகிறார்கள். ஸ்காட்லாந்துக்காரரின் வேலை எளிது. அங்கே பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1855இல் கட்டாயமானது. இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் தகப்பன் பெயரோடு, தாய் பிறந்த வீட்டின் குடும்பப் பெயரும் இருக்கும். அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எடின்பரோ ஆவணக் காப்பகம் ஒழுங்குபடுத்தி இணையத்தில் தந்திருக்கிறது. ஆட்டு மந்தைக்காகக் குடிசையிலிருந்து விரட்டப்பட்ட குத்தகை விவசாயியின் பேரப்பிள்ளைகூட, பாட்டனின் பாட்டன் எந்தத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார் என்று கண்டுபிடிக்க வாய்ப்பிருக்கிறது.

சித்தூர்ப் பக்கத்திலிருந்து போனவருக்கு இருப்பது கப்பல் ஏடு மட்டும். அது அவருக்காக எழுதப்பட்டதல்ல. எந்த முதலாளியிடம் எந்த ஆள், ஓடிப்போனால் எந்தத் தழும்பைப் பார்த்துப் பிடிக்கலாம் என்பதற்காக எழுதப்பட்டது. நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கல்யாணம், புகார், சாவு எல்லாவற்றிலும் அந்த எண் கூடவே வந்தது. மனிதரை எண்ணாக்கிய அதே கணக்குதான் இன்று அவருடைய பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இந்தக் கப்பல் ஏடுகளைக் கணினியில் பார்க்கலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் தொழிலாளர்களின் புகார் மனுக்கள்கூட இருக்கின்றன. தாத்தாவின் திருமணச் சான்றிதழில் அந்த எண் கிடைத்துவிட்டால், கப்பலின் பெயர் வரை போய்விடலாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பெயரை வைத்துத் தேட முடியாது. முனியம்மாவும் வெங்கடசாமியும் கப்பலுக்குப் பத்துப் பேர். குடும்பப் பெயரும் உதவாது. முதலியார் அங்கே 'மூட்லி' ஆனார். நாயுடு 'நைடூ' ஆனார். சிலருக்குத் தகப்பன் பெயரே குடும்பப் பெயராக நிலைத்தது. டிப்போவில் சாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாவின் கையெழுத்தில் கிராமத்தின் பெயரும் உருமாறியிருக்கும்.

அதைவிடப் பெரிய குழப்பம் ஜில்லா. 1911 ஏப்ரல் வரை வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரே சித்தூர்தான். திருப்பதி அடங்கிய சந்திரகிரி தாலுகாவும், பலமநேரும், காளஹஸ்தி, கார்வேட்நகர் ஜமீன்களும் அதில்தான் இருந்தன. அந்த ஆண்டில் சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று. கடப்பை ஜில்லாவிலிருந்த மதனப்பள்ளி அதனோடு சேர்ந்தது. 1953இல் சித்தூர் ஆந்திர மாநிலத்துக்குப் போனது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1960இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. வட ஆற்காடு என்ற பெயர் மாவட்டப் பட்டியலிலிருந்தே பிறகு மறைந்துவிட்டது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஏட்டிலுள்ள ஊர் இடம் மாறவில்லை. அதன் முகவரிதான் திரும்பத் திரும்ப மாறியிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் பாதித் தேடல் முடிந்துவிடும். உதாரணமாகத் திருப்பதி. ஆங்கில ஏடுகளில் அது 'திரிபெட்டி' என்று வரும். வாணியம்பாடிக்குத் தெற்கே உள்ள திருப்பத்தூர் 'திரிபத்தூர்' என்று வரும். கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் திருப்பத்தூர் 1911 வரை சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. எனவே 1911க்கு முந்தைய ஏட்டில் 'வட ஆற்காடு' என்று இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது திருப்பதியை. மதனப்பள்ளிக்காரர் என்றால் அதே காலத்தில் 'கடப்பை' என்று இருக்க வேண்டும்.

ஏட்டில் தாய்மொழிக்கு இடமில்லை. சித்தூர் வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. அங்கிருந்து போனவர் நேட்டாலில் தமிழரானாரா தெலுங்கரானாரா என்பதை அவர் பெண் எடுத்த வீடு தீர்மானித்திருக்கலாம். இன்று அவருடைய வாரிசுகள் பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். மொழி போன பிறகும் சில வழக்கங்கள் நின்றிருக்கின்றன. புரட்டாசி மாதம் முழுவதும் அங்கே இறைச்சி சமைக்காத வீடுகள் ஏராளம். சனிக்கிழமைகளில் கோவிந்தா என்று கும்பிடுகிறார்கள். கங்கையம்மன் பூஜையும் திரௌபதி அம்மனுக்குத் தீமிதியும் நடக்கின்றன. திருப்பதியில் கங்கம்மாவுக்கு ஜாத்திரை நடப்பதும், சித்தூர் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்கள் பல இருப்பதும் தற்செயல் அல்ல. இவை ஊரைக் காட்டிவிடாது. ஆனால் திசையைக் காட்டும். வீட்டுப் பாட்டி சொல்லும் குலதெய்வத்தின் பெயர், சில சமயம் குமாஸ்தா எழுதிய கிராமப் பெயரைவிட நம்பகமானது.

ஊரைக் கண்டுபிடித்தால் உறவைக் கண்டுபிடித்ததாகுமா? ஹரித்வாரில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக வம்சாவளி ஏடு எழுதி வைத்திருக்கிறார்கள். திருமலையில் முடி கொடுத்தவர்களுக்கு அப்படி ஓர் ஏடு கிடையாது. கிராமத்தில் பழைய கணக்கு என்று இருப்பது நிலக் கணக்கு. அதில் பட்டாதாரர் பெயர் இருக்கும். அவரது வயலில் உழுதவர் பெயர் இருக்காது. கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோருக்கு நிலமில்லை. இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஊரைவிட்டுப் போன அண்ணனுக்கு நேட்டாலில் வயதும் தழும்பும்கூடப் பதிவாகியிருக்கின்றன. ஊரிலேயே இருந்த தம்பி வாழ்ந்ததற்கு ஒரு வரிகூட ஆதாரம் இல்லை. தம்பியின் பேரப்பிள்ளைகள் தங்கள் வேரைத் தேடினால், நேட்டால் ஏட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இது வெறும் உணர்ச்சி விவகாரம் அல்ல. வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டைக்கு வம்சாவளியை ஆவணத்தால் நிரூபிக்க வேண்டும். பொதுவான வரம்பு நான்காம் தலைமுறை. சுரினாமுக்கு 2023இல் அது ஆறாம் தலைமுறை வரை நீட்டிக்கப்படும் என்றும், மொரீஷியசுக்கு 2024இல் ஏழாம் தலைமுறை வரை சலுகை என்றும் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அந்தந்த நாடுகளிலேயே அறிவித்தார். தலைமுறை எண்ணிக்கை கூடக்கூட, தாளின் மதிப்பும் கூடுகிறது. நேட்டால் குடும்பங்கள் பல, அந்தத் தாள்களையும் தொலைத்தவை. 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம், கேட்டோ மேனர் போன்ற பகுதிகளில் தோட்டம் போட்டிருந்தவர்களைப் பெயர்த்து சாட்ஸ்வொர்த் போன்ற புறநகர்களில் போட்டது.

இந்தியா அதற்கு முன்பே, 1946இல் தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவை முறித்துக்கொண்டது. தூதரக உறவு மலர்ந்தது 1993இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் ஊரை நேரில் பார்த்திருந்த தலைமுறை மறைந்துவிட்டது.

டர்பன் தன் பங்கைச் செய்துவிட்டது. மீதி இந்தப் பக்கத்து வேலை. அதற்குக் கோடி ரூபாய் தேவையில்லை. பழைய வட ஆற்காட்டின் கிராமப் பெயர்களை, அன்றைய ஆங்கில எழுத்திலும் இன்றைய தமிழ், தெலுங்குப் பெயரிலும், எந்த மாநிலம், எந்த மாவட்டம், எந்த மண்டலம் என்று ஒரு பட்டியலாகப் போட்டால் போதும். பழைய சென்னை மாகாண ஆவணங்கள் எழும்பூர்க் காப்பகத்தில் இருக்கின்றன. இன்றைய வருவாய்க் கிராமப் பட்டியல் சித்தூர், திருப்பதி ஆட்சியர் அலுவலகங்களில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அது வரை, தாளைக் கையில் வைத்துக்கொண்டு வேலூர் பஸ் நிலையத்தில் நிற்பவருக்கு யாராவது சொல்லிவிடுவது நல்லது: சித்தூர் பஸ் அந்தப் பக்கம்.