சம்மட்டியும் நன்கொடையும்

"பழைய கல்லில் என்ன இருக்கிறது? விசுவாசம் உள்ளத்தில் இருந்தால் போதாதா?" ஆலயத் திருப்பணி என்றவுடன் நம்மிடையே எழும் கேள்வி இது. கேட்பவர்கள் பகைவர் அல்லர், பக்தி மிக்கவர்களே. அதனால்தான் நாம் அஞ்சுகிறோம்.

ஸ்காட்லாந்தில் ரூத்வெல் என்னும் சிற்றூரில், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்சிலுவை ஒன்று உண்டு. உயரம் ஏறத்தாழ 18 அடி. மங்கள வார்த்தை, பார்வை பெறும் பிறவிக் குருடன், ஆண்டவரின் பாதங்களைக் கூந்தலால் துடைக்கும் பெண் எனச் சுவிசேஷக் காட்சிகள் அதில் செதுக்கப்பட்டுள்ளன. ஓரங்களில், பழைய ரூன் எழுத்துகளில், சிலுவையே வாய் திறந்து தன் ஆண்டவரைத் தாங்கிய துயரத்தைச் சொல்கிறது. ஏடறியாத ஏழைக்கு அதுவே வேதபுத்தகம்!

அதை உடைத்தவர்கள் யார்? அந்நியரா? இல்லை. 1640-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை இத்தகைய சின்னங்களை விக்கிரகங்கள் எனத் தீர்த்தது. 1642-இல் சிலுவை உடைக்கப்பட்டது. மறு ஆண்டே இங்கிலாந்தின் பாராளுமன்றம், ஆலய முற்றங்களிலும் திறந்த வெளிகளிலும் நின்ற சிலுவைகளை அகற்ற ஆணையிட்டது. குருத்து ஞாயிறு பவனி நின்று வணங்கிய இடங்களில் இன்று பலவிடத்தும் படிக்கட்டும் முறிந்த தண்டுமே எஞ்சியுள்ளன. சில தண்டுகளின்மேல் சூரிய கடிகாரம் அமர்ந்தது. கார்ன்வால் நாட்டில், வழிப்போக்கனுக்குத் திசை காட்டிய சிலுவைகள் சில வயல்வாயிலின் தூண்களாயின.

வணக்கம் கல்லோடு நின்றுவிடுமோ என்ற அவர்களின் அச்சத்தை நாம் எள்ளவில்லை. ஆனால் அந்த அச்சத்திற்கு மருந்து மறைக்கல்வி, சம்மட்டி அன்று.

ரூத்வெல் துண்டுகளைத் தேடிச் சேர்த்து 1823-இல் மீண்டும் நிறுத்தியவர், அதே சீர்திருத்தச் சபையின் போதகர் ஹென்றி டங்கன். குறுக்குக் கைகள் கிடைக்கவில்லை. புதிதாகச் செய்து பொருத்தினார். உடைத்த கைகளுக்கு நாழிகை போதும். கூட்டும் கைகள் வருவதற்கு 181 ஆண்டுகள்!

நம் கையில் சம்மட்டி இல்லை, நன்கொடை இருக்கிறது. எழுத்துள்ள கல்லின்மேல் எனாமல் பூசுகிறோம். முன்னோர் முழந்தாளிட்ட குருசடியை இடித்துப் பளபளக்கும் ஓடு பதிக்கிறோம். பழைய கல்லைக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டு, நன்கொடையாளர் பெயரைப் பளிங்கில் பொறிக்கிறோம். இதுவா திருப்பணி?

1547-இல் பறங்கிமலையில் அடித்தளம் தோண்டியவர்கள், பாகலவி எழுத்து பொறித்த கற்சிலுவையைக் கண்டெடுத்தார்கள். 'பழங்கல்தானே' என்று அதையும் அடித்தளத்தில் போட்டு நிரப்பியிருந்தால்? அவர்கள் அதைப் பீடத்தின்மேல் வைத்தார்கள்.

அடுத்த திருப்பணிக் குழு கூடும்போது ஒன்று கேட்போம்: இடிக்குமுன் அந்தக் கல்லை யாரேனும் படித்துப் பார்த்தீர்களா?