பூவுக்கும் ஒரு பேரேடு

சாயமிட்ட நூலை வாங்கும் நெசவாளர் விலையைக் கேட்பதற்கு முன், "அடுத்த முறையும் இதே நிறம் கிடைக்குமா?" என்று கேட்பது வழக்கம். புடவையின் உடலுக்கும் முந்தானைக்கும் நிறம் இம்மியளவு மாறினாலும் சரக்குத் தேங்கிவிடும் என்பதை அவர் அறிவார். ஆகையினாலேயே எந்த நாளில், எந்தத் தொட்டியில், எவ்வளவு சாயம் சேர்த்து நூல் நனைக்கப்பட்டது என்பதை நல்ல சாயப்பட்டறைகள் எழுதி வைக்கின்றன. மலர் பயிரிடும் நம் அங்கத்தினர்களும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து. அதனை விளக்கப் பெட்டூனியா என்னும் சிறு செடியின் கதையை எடுத்துக்கொள்வோம்.

பெட்டூனியா தென் அமெரிக்காவிற்கு உரியது. புகையிலை, கத்தரி, தக்காளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கு வெண்ணிறப் பூவுடைய இனமும் ஊதாப் பூவுடைய இனமும் தனித்தனியே இயற்கையாக வளர்ந்தன. இவை இரண்டும் ஐரோப்பாவை அடைந்த பின்னர், 1830களில் தோட்டக்காரர்கள் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றில் சேர்த்தனர். இன்று பூங்காக்களில் நாம் காணும் பெட்டூனியா நிறங்களுள் பெரும்பாலானவை அவ்விரு பூக்களின் சந்ததியே. 2010இல் அறிமுகமான 'பிளாக் வெல்வெட்' என்னும் கரிய பூவும் சாதாரண ஒட்டுக் கலப்பினால் விளைந்ததுதான். ஊதாச் சாயம் மிகவும் அடர்ந்துவிடுவதனால் அது கண்ணுக்குக் கறுப்பாகத் தோன்றுகிறது.

ஆயினும் ஒரு நிறம் மட்டும் கைகூடவில்லை. அது செங்காவி கலந்த ஆரஞ்சு நிறம். இந்நிறத்திற்கு உரிய பெலார்கோனிடின் என்னும் சாயம் உண்டாக வேண்டிய படியில், பெட்டூனியாவின் நொதி அதற்கான மூலப்பொருளை ஏற்பதில்லை. நூலும் தொட்டியும் இருந்தும், சாயம் பற்றுவதற்குப் படிகாரம் இல்லாத நிலை என்று நெசவாளர் இதனைப் புரிந்துகொள்ளலாம். 1987இல் ஜெர்மனியின் கோலோன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தார் மக்காச்சோளத்திலிருந்து ஒரு மரபணுவை எடுத்துப் பெட்டூனியாவினுள் சேர்த்து இக்குறையைத் தீர்த்தனர். 1990இல் ஏறக்குறைய 30,000 செடிகளை வயலில் நட்டுச் சோதித்தனர். யாவும் ஒரே நிறமாக மலரும் என்று எதிர்பார்த்திருக்க, கோடை முற்ற முற்றப் பல செடிகளில் நிறம் வெளிறியது. புகுத்திய மரபணு செடிக்குள்ளேயே அடங்கிப்போனதை அறிஞர் கண்டனர். கண்ணைக் கவர்ந்த நிறம் நிலைத்த நிறம் ஆகிவிடாது என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுமோ?

கதை அத்துடன் முடியவில்லை. 2015இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர இரயில் நிலையத்தருகே ஒரு தொட்டியில் ஆரஞ்சுப் பெட்டூனியா மலர்ந்திருப்பதைத் தாவர அறிஞர் தேமு தேரி கண்டு ஐயுற்றார். சோதித்ததில் மக்காச்சோள மரபணு வெளிப்பட்டது. 2017இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அத்தகைய செடிகளை விற்பனையிலிருந்து நீக்கி அழிக்குமாறு அதிகாரிகள் அறிவித்தனர். 2014இல் அமெரிக்காவில் பரிசு பெற்ற 'ஆஃப்ரிக்கன் சன்செட்' என்னும் வகையும் அதில் அகப்பட்டது. அச்செடிகளால் உடலுக்கோ சுற்றுப்புறத்திற்கோ தீங்கில்லை என்றே அதிகாரிகள் கூறினர். குற்றம் அனுமதியின்றி விற்றதில் இருந்தது. விற்றவர் பலருக்கோ தம் செடியின் பாட்டன் யார் என்பதே தெரிந்திருக்கவில்லை. 2021இல் அமெரிக்க அரசு அந்நிறத்திற்கு அனுமதி அளித்தது உண்மையே. எனினும் அதற்கு முன் குப்பையில் கொட்டப்பட்ட செடிகளுக்கு நாற்றுவிட்டுத் தண்ணீர் ஊற்றிய கைகளின் உழைப்பு திரும்பி வருமா?

வம்சம் எழுதப்படாத செடி, கணக்கெழுதாத சங்கத்தைப் போன்றது. நன்றாக நடக்கும் வரையில் எவரும் கேட்கமாட்டார். கேள்வி எழும் நாளில் காட்டுவதற்கு ஒன்றும் இராது.

இன்னொரு பாடமும் உண்டு. 1930களில் ஜப்பானியச் சகாட்டா விதை நிறுவனம், விதைத்தவை யாவும் அடுக்குப் பூவாகவே மலரும் பெட்டூனியா விதையை உலகெங்கும் விற்றது. வழிமுறையை அறியாத பிறர் ஆண்டுதோறும் அதனை விலைகொடுத்தே வாங்க நேர்ந்தது. இன்றைய முதல் தலைமுறைக் கலப்பின விதையின் நிலையும் அத்தகையதே. அதிலிருந்து எடுத்த விதையை விதைத்தால் பாத்தியில் பல நிறமும் கலந்து நிற்கும். ஆதலால் பயிரிடுவோர் விதைக்காரரின் வாசலில் நின்றுகொண்டே இருக்கிறார்.

இதற்கு மாற்று நம் கைக்கு எட்டாததன்று. பூ விரிவதற்கு முன் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை அகற்ற வேண்டும். சூல்முடி பிசுபிசுப்பானதும் வேண்டிய செடியின் மகரந்தத்தைத் தடவிக் காகித உறையிட்டு, காம்பில் ஒரு வண்ண நூலைக் கட்ட வேண்டும். முதல் தலைமுறையில் விரும்பிய நிறம் மறைந்தாலும் மனந்தளரலாகாது. ஒரே மரபணுவினால் ஒளிந்த நிறமாயின் அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்று வெளிப்படும். மூன்று மரபணுக்கள் சேர வேண்டுமாயின் 64இல் ஒன்றே கிட்டும். அதற்கு 200 நாற்றாவது வளர்ப்பது நலம். தேர்ந்தெடுத்த செடியைத் தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கச் செய்து, ஐந்தாறு தலைமுறை வடித்தால் நிறம் நிலைபெறும். ஆண்டுக்கு ஒரு தலைமுறை எனில் ஆறாண்டு உழைப்பு.

ஆறாண்டு ஒரு சிறு விவசாயி எவ்வாறு பொறுப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. தனியாளுக்கு அது பாரமாதலால்தான் சங்கம் வேண்டும் என்கிறோம். ஒரு கிராம் பெட்டூனியா விதையில் ஏறக்குறைய 10,000 விதைகள் உள்ளன. பத்து அங்கத்தினர் ஆளுக்கு இரண்டு பாத்தி ஒதுக்கினாலே போதிய நாற்றுக்கு இடம் கிடைத்துவிடும். விதை பொதுவாக இருக்கட்டும். பேரேடும் பொதுவாக இருக்கட்டும். தாய் எது, தந்தை எது, எவரிடம் வாங்கியது, எந்த நாளில் கலந்தது, எத்தனை நாற்றில் எத்தனை எந்நிறம் என்பன அதில் ஏறட்டும். வெளிறிய பூவையும் ஒளிக்காமல் எழுதட்டும். நம் நாட்டின் 2001ஆம் ஆண்டுப் பயிர் வகைப் பாதுகாப்புச் சட்டமும், புது வகையைப் பதிய வருவோரிடம் பெற்றோர் வகைகளின் விவரத்தையும் அவை முறைப்படி பெறப்பட்டவை என்ற உறுதியையும் கேட்கிறது. நாளை பேரேடு இல்லாதவர் பெருமைப்படலாம். உரிமை கோர இயலாது.

புதிய நிறம் தோன்றுவது ஓரளவு அதிர்ஷ்டம். அதனை நம்முடையதாக வைத்துக்கொள்வது முழுவதும் ஒழுங்கு. அடுத்த விதைப்புக்கு முன் நம் சங்கங்கள் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு கண்டு வண்ண நூலும் வாங்கி வைக்குமாயின், அச்செலவு வீண்போகாது என்று உறுதியாகச் சொல்வோம்.