பொது நிரலகமும் எம் மாணவரும்

திருகோணமலைத் துறைமுகத்துட் புகும் கப்பல் ஒவ்வொன்றும் கயிறு விட்டுத் தானே ஆழம் பார்ப்பதில்லை. முன்பு அளந்தோர் வரைந்த கடற்படத்தை நம்பியே மாலுமி கப்பலைச் செலுத்துகின்றான். கணினிக்கு நிரல் எழுதுவோர் செயலும் அத்தகையதே. ஒருவர் எழுதிச் சரிபார்த்த நிரற்கூறுகளைப் பலரும் எடுத்தாளுமாறு தொகுத்து வைப்பதையே நிரலகம் என்கின்றோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் எட்சாக் என்னும் தம் கணினிக்காக இத்தகைய கூறுகளைத் துளையிட்ட கடதாசி நாடாக்களிற் சேமித்து வைத்தனர். அம்முறையை விளக்கி வில்க்ஸ், வீலர், கில் என்னும் மூவர் 1951இல் நூலும் வெளியிட்டனர்.

இதனால் தமிழுக்கு ஆவது யாது? ‘திருகோணமலை’ என்னும் பெயரில் எத்தனை எழுத்து என எம் கீழ்வகுப்புச் சிறுவனைக் கேட்பின் ஆறு என்பான். உயர்தர வகுப்பிற் கற்பிக்கப்படும் பைதன் மொழியிலே கணினியைக் கேட்பின் பத்து என்னும். யூனிக்கோடு முறையிலே இகர, உகர, ஓகார, ஐகாரக் குறிகள் நான்கும் தனித்தனியே எண்ணப்படுதலே காரணம். ‘ஓப்பன் தமிழ்’ என்னும் இலவச நிரலகம் குறிகளை உரிய எழுத்தோடு சேர்த்து ஆறு என்றே விடை தரும். சிலர் ஒருமுறை உழைத்தமையால், சொல் விளையாட்டோ எழுத்துப்பிழை திருத்தியோ ஆக்குவோன் அவ்வேலையை மீண்டும் செய்ய வேண்டுவதில்லை.

பிறர் எழுதியதை எடுத்தாளுதல் பரீட்சையிற் பார்த்தெழுதுவது போன்றதெனச் சிலர் முகஞ்சுழிப்பர். நாம் உடன்படோம். எமக்குள்ள கவலை வேறு. கடற்படத்திற் பிழை நேரின் அதனை நம்பிய கப்பல் அனைத்துக்கும் இடர். 2016 மார்ச்சிலே நிரலாளர் ஒருவர், பெயர் குறித்த பிணக்கினால், தாம் பொதுவில் வைத்திருந்த 11 வரி நிரற்கூறொன்றை மீட்டுக்கொண்டார். அதனைச் சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான நிரல்களின் ஆக்கம் தடைப்பட்டது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற்குப் பின்னரே அது மீள வைக்கப்பட்டது. ஊதியமின்றி உழைக்கும் சிலர் தோளிலே எத்துணைப் பாரம்!

ஆதலின் எம் மாணவர் எடுத்தாளுவதோடு அமையாது, தமிழ் நிரலகங்களைச் சோதித்துப் பிழை கண்டவிடத்து ஆக்கியோர்க்கு எழுதியனுப்புதல் வேண்டும். ‘க்ஷ’ ஓரெழுத்தா ஈரெழுத்தா என்பதைக் கணினி வல்லார் தனித்துத் தீர்த்தல் அரிது. தமிழாசிரியரும் அருகிருத்தல் வேண்டும். வாரத்தில் ஒரு மாலை இருதிறத்தாரும் கூடிப் பணிசெய்யக் கணினி அறையைத் திறந்துவைக்குமாறு கல்லூரியாரை வேண்டுகின்றோம். இத்தொழிலில் உள்ள பழைய மாணவர் வழிகாட்ட முன்வருவாராக.